பெர்ல் செயலிக்கு எந்தச் சேர்வர்? ஐந்து பேர் கேட்டவை

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, கடைக்கு 2008இல் பெர்ல் மொழியில் எழுதிய சிஜிஐ (ஒவ்வொரு கோரிக்கைக்கும் புரோகிராமைப் புதிதாகத் தொடங்கும் பழைய முறை) பில் புரோகிராம், புதுச் சேர்வரில் போட்டதும் சிஜிஐ மொட்யூல் இல்லை என்று நிற்கிறது. முழுக்க மாற்றி எழுத வேண்டுமா?

வேண்டாம் தம்பி. 2015இல் வந்த பெர்ல் 5.22 முதல் அந்த மொட்யூல் கூடவே வருவதில்லை. பெர்ல் மொட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சீபானிலிருந்து தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு நூறு பில் போடும் கடைக்குச் சிஜிஐயே தாராளம். சுணங்கத் தொடங்கினால் பழைய ஸ்கிரிப்டைப் பிளாக் (Plack) என்ற பெர்ல் கருவித்தொகுப்பில் பொதிந்து ஓட்டலாம். ஆனால் அப்போது புரோகிராம் நினைவிலேயே தங்கிவிடும். குளோபல் மாறிகளைத் துடைக்காவிட்டால் முந்தைய ஆளின் பெயர் அடுத்தவர் பில்லில் வரும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பெர்ல் செயலியை ஓட்ட மொட்பெர்லா, ஸ்டார்மேனா?

புது வேலை என்றால் ஸ்டார்மேன், அது பெர்ல் செயலிகளுக்கான தனிச் சேர்வர். மொட்பெர்ல் அப்பாச்சி வெப் சேர்வரோடு ஒட்டிக்கொண்டது. உங்கள் புரோகிராமைத் திருத்தினால் அப்பாச்சியையும் தட்டி எழுப்ப வேண்டும். பெர்ல் செயலியும் சேர்வரும் பேசிக்கொள்ளும் பொது முறையான பிஎஸ்ஜிஐப்படி எழுதிய செயலியை நாளைக்கு வேறு சேர்வருக்கும் அப்படியே கொண்டுபோகலாம். மொஜோலிசியஸ் என்ற பெர்ல் வெப் கட்டமைப்பில் எழுதுபவர்கள் யோசிக்கவே வேண்டாம், ஹிப்னோடோட் சேர்வர் அதனுடனேயே வருகிறது.

தெஹிவளையிலிருந்து: ஸ்டார்மேனே எச்டிடிபி பேசுகிறதே, முன்னால் என்ஜினெக்ஸ் என்ற இன்னொரு வெப் சேர்வர் எதற்கு?

பாணந்துறை ரயிலில் தொங்கிக்கொண்டு ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார், சிக்னல் வந்து வந்து போகிறது என்று வையுங்கள். என்ஜினெக்ஸ் இல்லாவிட்டால் அவர் பக்கத்தை வாங்கி முடிக்கும்வரை ஒரு வேர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் ஸ்டார்மேன் புரோசஸ்) அவருக்கே காவல். இருந்தால், வேர்க்கர் பதிலை அதனிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கும். படங்களை அனுப்புவது, எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வேலையும் அதன் தலையில்.

பம்பலப்பிட்டியிலிருந்து: 2 ஜிபி நினைவகம். எத்தனை வேர்க்கர் வைக்கலாம்?

இதில்தான் பலர் சறுக்குவது. ஸ்டார்மேன் தானாக 5 வைக்கும். கூட்டுவதற்கு முன், செயலியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஒரு வேர்க்கர் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். 120 எம்பி என்றால் எட்டுக்கு 960 எம்பி. டேட்டாபேஸும் அதே பெட்டியில் என்றால் அதோடு நிறுத்துங்கள். நினைவகம் போதாமல் டிஸ்க்கிலுள்ள ஸ்வாப்பில் விழுந்த பத்து வேர்க்கரைவிட நிமிர்ந்து நிற்கும் ஆறு மேல்.

செயலியை முன்கூட்டியே ஏற்றிவிட்டு அதிலிருந்து வேர்க்கர்களைக் கிளை பிரித்தால் (fork) அவை நினைவகத்தைப் பகிரும், மிச்சம்தான். ஆனால் டேட்டாபேஸ் இணைப்பைக் கிளை பிரியுமுன் திறந்துவிடாதீர்கள். ஒரே இணைப்பில் எல்லோரும் பேசினால் ஒருவர் கேட்டதற்கான பதில் இன்னொருவர் கைக்குப் போகும். ஒவ்வொரு வேர்க்கரும் தன்னுடையதைத் தானே திறக்கட்டும்.

மருதானையிலிருந்து: சேர்வர் அலுவலகத்திலேயே இருக்கிறது. கரண்ட் போய் வந்தால்?

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் சேவையாகப் பதியுங்கள் தங்கச்சி. விழுந்தால் எழுப்பும் வரி ஒன்று போதாது, மெஷின் ஓனாகும்போதே தொடங்கும்படி எனேபிள் செய்யவும் வேண்டும். 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் நான் அந்த ஒற்றைக் கட்டளையை மறந்து, இரவு பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்துப் போனேன்.