சிலேட்டு ஓரத்து வெள்ளை

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது, இடக்கைப் பழக்கம். பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் பந்தைத் தடுக்கிற இடத்தில், நிற்க ஆசைப்படுகிறான். இடக்கைக்காரனுக்கு அந்த இடம் கிடையாது என்கிறார் கோச். இது பாகுபாடு இல்லையா? இப்போதே வலக்கையால் எறியப் பழக்கிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாகுபாடெல்லாம் ஒன்றுமில்லை. ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பவனுக்கு முதல் பேஸ் இடப்பக்கம். வலக்கைக்காரன் பந்தை எடுத்த வாக்கிலேயே எறிந்துவிடுவான். இடக்கைக்காரனோ உடம்பைத் திருப்பி வலத்தோளை அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். அதற்குள் பந்தை அடித்தவன் ஓடிப்போய் முதல் பேஸைத் தொட்டிருப்பான். முதல் பேஸில் கதை தலைகீழ். இடக்கைக்காரனின் கையுறை வலக்கையில், ஆட்டம் நடக்கும் பக்கமாகவே இருக்கும். இரண்டாம் பேஸுக்கு எறியத் திரும்பவே வேண்டாம். அந்தக்காலத்துப் பெரிய ஆட்டக்காரர் லூ கெரிக் அங்கே நின்ற இடக்கைக்காரர்தான். அப்புறம் பந்து வீசுகிற பிட்சிங் இருக்கிறது, பேஸ்களுக்கு அப்பால் தூரத்தில் நிற்கிற அவுட்ஃபீல்டு இருக்கிறது. ஒன்பது வயதில் ஆசைக்கு நாலு நாள் ஷார்ட்ஸ்டாப் நின்றாலும் குடி முழுகிவிடாது.

ஆனால் அந்தக் கடைசி வரி! பழக்கிவிடலாமா என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள். போன வாரம் பேத்தி இடக்கையில் கிரேயான் பிடித்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். நானும் நொட்டாங்கைக்காரன். இடக்கையால் எழுதினால் எழுத்தின் மேலேயே கை இழுபடும்; சுண்டுவிரல் ஓரமெல்லாம் சிலேட்டுக்குச்சியின் வெள்ளை அப்பிக்கொள்ளும். வாத்தியார் அந்த ஓரத்தைத்தான் பார்ப்பார், பார்த்து விரல் முட்டியில் அடிப்பார். வீட்டிலும் அதே சோதனை. வாசற்படி ஏறுமுன் எச்சில் தொட்டு டவுசரில் துடைத்துக்கொள்வேன். இன்று வலக்கையால்தான் எழுதுகிறேன். பேனாவை எடுக்கும்போது இடக்கையை மடியில் மறைத்துக்கொள்கிற பழக்கம் அறுபது வயது தாண்டியும் போகவில்லை.

பேஸ்பாலின் பெரும்புள்ளி பேப் ரூத்தும் எழுதியது வலக்கையால்தான். எறிந்தது இடக்கையால். பால்டிமோரில் அவர் வளர்ந்த செயின்ட் மேரீஸ் பள்ளியில் சிறுவனாகக் கேட்சர், அதாவது அடிப்பவனுக்குப் பின்னால் பந்து பிடிப்பவராக, நின்றிருக்கிறார். இடக்கைக்காரர் கையுறை அங்கே கிடையாது. இருந்ததை இடக்கையில் மாட்டிப் பந்தைப் பிடிப்பார், அதைக் கழற்றுவார், அதே கையால் எறிவார். பந்துக்குப் பந்து இப்படி. அந்த எறிகிற கையை யாரும் மாற்றாமல் விட்டார்களே, அதை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளையின் கையில் கைவைக்காதீர்கள். கோபமாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான்.

சரி, அவனுக்கு வலக்கையில் மாட்டுகிற கையுறை வாங்கிக் கொடுத்தாயிற்றா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே.