மலையேற்றத்தில் சைக்கிளும் ரத்த அழுத்த மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 52. ரத்த அழுத்தத்துக்காக நான்கு ஆண்டுகளாக அட்டெனோலால் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் நண்பர்கள் பத்துப் பேர் ஆறு நாள் மலைப்பாதையில் சைக்கிளில் போகிறோம். மிக உயரமான கணவாய் 2,700 மீட்டர். பயிற்சியில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 125-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் மூச்சு இரைக்கிறது. முழங்காலின் முன்பக்கமும் வலிக்கிறது. பயண நாள்களில் மட்டும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. அட்டெனோலால் இதயத் துடிப்புக்குக் கடிவாளம் போடும் 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்து. திடீரென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் முன்பைவிட எகிறலாம். சிலருக்கு நெஞ்சுவலியே வந்துவிடும். மேடேறும் நாளில் அதை வரவழைத்துக்கொள்ள வேண்டுமா? மாத்திரை உங்களைப் பின்னுக்கு இழுப்பதாகத் தோன்றினால் இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். துடிப்பைக் கட்டுப்படுத்தாத வேறு அழுத்த மருந்துகள் உண்டு. மாற்றலாமா, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அவர் சொல்லட்டும். உங்கள் வயதுக்கு டிரெட்மில் பரிசோதனை தேவையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மிதிக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ, பரிசோதிக்காமல் கிளம்பவே வேண்டாம்.

அந்த 125-ஐப் பார்த்து, 'இன்னும் அழுத்தலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். அதிகபட்ச நாடித்துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் உங்களுக்கு 168 என்று காட்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது பொருந்தாது. கடிகாரத்தைவிட உங்கள் வாய் நம்பகமானது. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடங்கலின்றிச் சொல்ல முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைத்துவிடுங்கள். குழுவாகப் போகும்போது இதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை விடக்கூடாது என்ற வீம்பு ஐம்பதைக் கடந்தவர்களுக்கே அதிகம். அவர் மேலே போய்க் காத்திருக்கட்டும். கிளம்பும் முன்பே அப்படிப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலின் முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் தாழ்வான இருக்கையும் கனமான கியரும்தான் காரணம். சுவரைப் பிடித்தபடி இருக்கையில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் இருக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஏற்றத்தில் பெடல் சுற்றுவது நிமிடத்துக்கு 60 சுற்றுக்கும் கீழே குறைந்தால் இன்னும் இலகுவான கியருக்கு மாறுங்கள். அதுவும் தீர்ந்துவிட்டால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. மூட்டு வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் சிலருக்கு உயர நோய் தலைகாட்டும். கணவாயைக் கடந்து தாழ்வான இடத்தில் இரவு தங்கினால் பெரும்பாலும் தொல்லை இராது. தலைவலியோடு குமட்டல் சேர்ந்தால் மட்டும் மேலே ஏறாதீர்கள், இறங்கிவிடுங்கள்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். வியர்வையில் நனைந்த உடம்போடு அரை மணி நேரம் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கினால் நடுங்கிப் போவீர்கள். அட்டெனோலால் சாப்பிடுகிறவர்களுக்கு விரல்கள் வேறு எளிதில் சில்லிட்டுவிடும். மரத்த விரலுக்குப் பிரேக்கின் அழுத்தம் தெரியாது. உச்சியில் நின்று காற்றுத் தடுப்பு மேல்சட்டையையும், விரல் முழுக்க மூடும் கையுறையையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். இரண்டும் பின்னால் வரும் வண்டியில் அல்ல, உங்கள் முதுகுப் பையில் இருக்கட்டும்.