வாசகர் கேள்வி: சாமானும் வருகிறது, சண்டையும் வருகிறது

கேள்வி: வியாபாரம் பெருகினால் பக்கத்து நாடுகள் சண்டை பிடிக்கமாட்டா என்று ஏ.எல். வகுப்பில் படிப்பித்தார்கள். இப்போது பார்த்தால் எல்லா இடத்திலும் அடிபாடாக இருக்கிறதே? (சாவகச்சேரி வாசகர்)

படிப்பித்தவர் முழுப்பொய் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டார், அவ்வளவுதான். வியாபாரத்தில் இலாபம் பார்ப்பவர் ஒருவர், சண்டையில் அடிவாங்குபவர் வேறொருவர் என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நன்றாகவே நடக்கும். 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்ததல்லவா, அதற்குப் பிறகும் ரஷ்ய எரிவாயு அதே உக்ரைன் மண்ணுக்குக் கீழே போகும் குழாய்களால் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, குழாய்க்கான கூலியும் கைமாறியது. ஒப்பந்தம் முடிந்து 2025 ஜனவரி 1 அன்றுதான் நின்றது. மேலே ஏவுகணை, கீழே காஸ்.

இந்தியாவும் சீனாவும் மட்டும் என்ன? 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கி வெடிக்காமல் கல்லாலும் கம்பியாலும் நடந்த சண்டையில் இந்தியப் படையினர் 20 பேர் செத்தார்கள். அந்த மாதமே டிக்டொக் உட்பட 59 சீனச் செயலிகளுக்கு டெல்லி தடை போட்டது. ஆனால் 2021இல் இரு நாட்டு வர்த்தகம் 100 பில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது.

கேள்வி: எங்கள் வலையை இந்திய றோலர் (இழுவைப்படகு) அறுத்துக்கொண்டு போகிறதே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா? (மாதகல் வாசகர்)

நன்றாகச் சேரும். பின்னேரம் கடனுக்கு வாங்கிய வலையை விரித்துவிட்டு விடியப் போய்ப் பார்த்தால் அறுந்த கயிறும் இரண்டு மிதப்பும் மட்டும் கிடக்கும். இதைச் செய்தவர்களும் தமிழர்தானே என்று கோபம் வருகிறது, நியாயம். ஆனால் அந்த றோலர் எங்கிருந்து வந்தது? 1950களில் நோர்வே உதவியோடு கேரளக் கரையில் தொடங்கிய மீன்பிடி நவீனமாக்கல், பிறகு அமெரிக்காவும் ஜப்பானும் றாலுக்கு நல்ல விலை கொடுக்கத் தொடங்கியதும் இழுவைமடி, அதாவது றோலர் கடலடியை வழித்து இழுக்கும் வலை, தமிழ்நாட்டுக் கரை முழுக்கப் பரவியது, அரசாங்கமும் ஊக்கம் கொடுத்தது. தங்கள் பக்கத்துக் கடலடியை வழித்துத் துடைத்த பிறகு அவர்களுக்கு இந்தப் பக்கம்தான் மிஞ்சியது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக் கோடு போட்டிருந்தும், யுத்த காலத்தில் எங்கள் ஆட்களைக் கடலுக்குப் போக விடாததால் அவர்களுக்கு வந்து பழகிவிட்டது. 2009க்குப் பிறகு நாங்கள் திரும்பக் கடலுக்கு இறங்கினோம், பிரச்சினை முற்றியது.

பிடிபட்டு மறியலுக்குப் போகிறவர்களில் அநேகர் கூலிக்கு வந்தவர்கள், முதலாளி கரையில் இருக்கிறார். றாலை வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு மாதகல் எந்தத் திசை என்றே தெரியாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும், கோபிக்கவேண்டாம்: இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது, ஆனால் குருநகர்ப் பக்கம் எங்களிடமும் இழுவைப்படகுகள் உண்டு. அதைப் பேசாமல் இராமேஸ்வரத்தை மட்டும் திட்டினால் யார் கேட்பார்கள்? அதே 2017இல் இந்தியா 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றுவதாகத் திட்டம் போட்டது. மாறியவை கொஞ்சம்தான். கடனும் கூடவே வரும் திட்டத்துக்குச் சிறு படகுக்காரர் ஏன் ஓடிவருவார்?

கேள்வி: கச்சதீவை இந்தியாவுக்குக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடாதா? (நல்லூர் மாணவி)

முடியாது, தங்கச்சி. 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத தீவு அது. அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரைச் சனமும் விசா இல்லாமலே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறது. றோலர்கள் தேடுவது தீவை அல்ல, அதையும் தாண்டி நெடுந்தீவு, காரைநகர் வரைக்கும் உள்ள றாலை. தமிழ்நாட்டில் தேர்தல் வரும்போது இந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்பீர்கள், அப்போதும் பதில் இதுதான்.