கூலிப்படை என்ற ஒரு சொல்

கேள்வி: சென்ற இதழில் லாவோஸ் நாட்டு மோங் அகதிகளைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தீர்கள். சி.ஐ.ஏ.விடம் சம்பளம் வாங்கிச் சண்டை போட்ட கூலிப்படை அவர்கள். தோற்றதும் முதலாளி விமானம் அனுப்பி அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய்விட்டான். இதில் அகதி எங்கே, சோகம் எங்கே?
– திண்டுக்கல் வாசகர் ஒருவர்

பதில்: விமானக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 1975 மே 10 முதல் 14 வரை, மலைக்குள் இருந்த மோங் படையின் லோங் தியெங் தளத்தின் ஓடுதளத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு காத்துக் கிடந்தன. அந்தப் படையின் தளபதி வாங் பாவ், அவருடைய அதிகாரிகள், அவர்கள் வீட்டார் என்று சுமார் 2,500 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. 14ஆம் தேதி வாங் பாவும் போய்விட்டார். அப்புறம் விமானம் வரவில்லை. மற்றவர்கள் நடந்தார்கள். தலைநகர் வியன்டியான் பக்கம் போன கூட்டத்தை அந்த மாதக் கடைசியில் ஹின் ஹெப் பாலத்தில் மறித்து, போரில் வென்ற லாவோஸ் கம்யூனிஸ்டுகளான பாத்தேத் லாவோ படையினர் சுட்டார்கள். பிறகு காடுதான் வழி.

பகலில் ஒளிந்து, இரவில் நடந்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதால் மொத்தக் கூட்டமும் மாட்டிக்கொள்ளும். அதனால் பிள்ளைகளுக்கு அபினைக் கரைத்துப் புகட்டினார்கள். எவ்வளவு கொடுத்தால் தூங்கும், எவ்வளவு கொடுத்தால் எழாது என்று அந்த இருட்டில் எந்தத் தாய்க்கு அளவு தெரியும்? எழாமலே போன குழந்தைகள் உண்டு. பிழைத்து வந்தவர்கள் சொல்லும் கதைகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் குழந்தை யாரிடம் சம்பளம் வாங்கியது?

காட்டைத் தாண்டினால் மீகாங் ஆறு. எதிர்க்கரை தாய்லாந்து. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. மூங்கிலைக் கக்கத்தில் கட்டிக்கொண்டும், வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டும் தண்ணீரில் இறங்கினார்கள். பின்னாலிருந்து துப்பாக்கி சுட்டது. கரையேறியவர்கள் பான் வினாய் போன்ற முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். ஒரு கட்டத்தில் அந்த ஒரு முகாமில் மட்டும் 40,000 பேருக்கு மேல். அங்கே பெண்கள் துணியில் பூத்தையலோடு அந்த ஆற்றையும் தைத்தார்கள். நடுவில் நீல நிறத்தில் மீகாங், அதில் மிதக்கும் மனிதர்கள், கரையில் சிப்பாய்கள். புத்தகம் எழுதப் பழக்கமில்லாதவர்கள் ஊசியால் எழுதிவைத்த வரலாறு அது.

சரி, சம்பளத்துக்கு வருவோம். வாங்கினார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் 1962 ஜெனீவா ஒப்பந்தப்படி லாவோஸ் நடுநிலை நாடு, அன்னியப் படை அங்கே கால் வைக்கக் கூடாது. பாத்தேத் லாவோவுக்குத் துணை நின்ற வட வியட்நாம் படை வெளியேறவில்லை. அமெரிக்காவோ தன் சிப்பாய்களுக்குப் பதில் மலைவாசிகளை முன்னால் நிறுத்தியது. சண்டை நடந்தது அவர்கள் வயலில், அவர்கள் வீட்டு வாசலில். பயிர் செய்ய முடியாமல் ஓடியவர்களுக்கு விமானத்திலிருந்து விழுந்த அரிசிமூட்டைதான் சோறு. வளர்ந்த ஆண்கள் செத்துத் தீர்ந்தபோது 13, 14 வயதுப் பையன்கள் துப்பாக்கி தூக்கினார்கள். இவர்களுக்கா கூலிப்படை என்று பெயர்?

அந்தப் போரை நான் நியாயப்படுத்தவில்லை. 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்கா கொட்டிய குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கு மேல். வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை பிற்பாடு உழப்போனவர்களையும் விளையாடப்போன பிள்ளைகளையும் கொன்றன. அந்தக் கொடுமையை எழுத எனக்குத் தயக்கமே இல்லை. மோங் மக்கள் எல்லோரும் அமெரிக்கா பக்கம் நின்றவர்களும் இல்லை. ஃபேடாங் என்ற மோங் தலைவரின் பின்னால் ஒரு பகுதியினர் பாத்தேத் லாவோவோடு நின்றார்கள். ஒரே இனம், இரண்டு பக்கமும் பிணம். ஒரு முழுச் சமூகத்தையும் ஒரு சொல்லில் அடைத்துவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாமல் போகிறது.

எல்லோரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் தவறு. 1977இல் ஒரு பகுதியினரை பிரான்ஸ், தென் அமெரிக்காவில் இருக்கும் தன் பிரெஞ்சு கயானாவில் குடியமர்த்தியது. 2009 டிசம்பரில், போர் முடிந்து 34 ஆண்டுகள் கழித்து, 4,000க்கும் மேற்பட்டோரைத் தாய்லாந்து ராணுவ லாரிகளில் ஏற்றி லாவோசுக்கே திருப்பி அனுப்பியது.

அமெரிக்கா போனவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைத்தால் இதையும் கேளுங்கள். மோங் வழக்கப்படி குழந்தையின் நஞ்சுக்கொடியை வீட்டுக்குள்ளேயே புதைப்பார்கள். ஆண் குழந்தை என்றால் நடுத்தூண் அடியில், பெண் என்றால் பெற்றோர் படுக்கைக்கு அடியில். அதுதான் உயிரின் முதல் சட்டை. இறந்தவரின் உயிர், வாழ்ந்த ஊர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்து, பிறந்த வீட்டில் அந்தச் சட்டையை எடுத்து உடுத்திக்கொண்டால்தான் முன்னோரிடம் போக முடியும். சாவு வீட்டில் ஒருவர் அந்த வழியைப் பாடிக் காட்டுவார்.

மினசோட்டாவின் செயின்ட் பாலில் ஒரு பாட்டி இறந்தால் பாட்டு அந்த ஊரில் தொடங்குகிறது. அங்கிருந்து தாய்லாந்து முகாம். அதற்கடுத்து மீகாங். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு எந்த ஆற்றைக் கடந்து தப்பினாளோ, அதே ஆற்றை அவள் உயிர் இந்தப் பக்கமிருந்து மறுபடி கடக்க வேண்டும்.