கும்பிடுபூச்சிக்கு ஊட்டி விடலாமா?

கேள்வி: எங்கள் கறிவேப்பிலை மரத்தில் இருந்த முட்டைக்கூட்டிலிருந்து வெளிவந்த கும்பிடுபூச்சிக் குஞ்சுகளைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்க்கிறேன். நன்றாகத் தின்றுகொண்டிருந்தவை திடீரென்று மூன்று நாட்களாக இரையைத் தொடுவதில்லை. பசித்தால் தின்னட்டும் என்று சுவர்க்கோழிகளை உள்ளேயே விட்டுவைத்தேன். ஒன்று கீழே விழுந்து இறந்துவிட்டது. இன்னொன்றின் கால் வளைந்துபோயிற்று. இடுக்கியால் ஊட்டலாமா? வைட்டமின் சொட்டு மருந்து தரலாமா? (ஒரு வாசகர், தாராபுரம்)

பதில்: இடுக்கியைக் கீழே வையுங்கள். சொட்டு மருந்து வீட்டில் யாருக்காக வாங்கப்பட்டதோ அவரே குடிக்கட்டும். அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: அந்தச் சுவர்க்கோழிகளை டப்பாக்களிலிருந்து உடனே வெளியே எடுப்பது.

உங்கள் குஞ்சுகள் தோலுரிக்கத் தயாராகின்றன. கும்பிடுபூச்சியைத் தாங்குவது உடம்புக்கு வெளியே இருக்கும் தோடு. உள்ளே சதை பெருகினாலும் அந்தத் தோடு கூடவே வளர்ந்து கொடுக்காது. ஆகவே இறக்கை முளைத்து முழுப்பூச்சி ஆகும் வரை, இனத்தையும் ஆண் பெண் வேற்றுமையையும் பொறுத்து, ஏறத்தாழ 6 முதல் 9 முறை அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழல்வது மேல்தோல் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள்; கண்களின் மேலுறை, தாடைகளின் உறை, மூச்சுக்குழாய்களின் உட்பூச்சு, உணவுப்பாதையின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் உள்ள உட்தோல் ஆகிய அனைத்தும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. தொண்டைக்குள்ளேயே பழைய உறை பிரிந்துகொண்டிருக்கும் வேளையில் இரையைத் திணிப்பது எத்தகைய உபசாரம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். சிறு குஞ்சு ஓரிரு நாள் பட்டினி கிடக்கும். கடைசித் தோலுரிப்பை நெருங்கிய பெரிய குஞ்சு ஒரு வாரம்கூடத் தின்னாமல் இருக்கும்.

நேரம் வந்ததும் அது டப்பாவின் கூரையில் பின்னங்கால்களை ஊன்றித் தலைகீழாகத் தொங்கும். மார்பின் முதுகுப்புறத்தில் தோடு நீளவாக்கில் பிளக்கும். முதலில் வளைந்த முதுகும் தலையும், பிறகு மடங்கிய முன்கால்களும், கடைசியில் நூல் போன்ற நீண்ட கால்களும் தம் எடையாலேயே கீழ்நோக்கி வழுகி வெளிவரும். வயிற்று நுனி மட்டும் பழைய தோலில் ஒட்டியிருக்க, வெளுத்துப் போன அந்தப் புது உடம்பு சிறிது நேரம் அசையாமல் தொங்கிவிட்டு, பிறகு மடங்கி மேலெழுந்து தன் பழைய தோலையே பற்றிக்கொள்ளும். அரை மணி நேரம், சில வேளை சற்றுக் கூடுதலாகும் இந்தச் சமயத்தில் அதனால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. சுவர்க்கோழியோ எதையும் கடித்துப் பார்க்கும் பிராணி. பசித்த சுவர்க்கோழியை அதனோடு அடைத்து வைத்தால் யார் யாருக்கு இரையாவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விழுந்து இறந்ததற்கும் காரணம் பட்டினி அன்று, பெரும்பாலும் பிடிமானமின்மைதான். வழுவழுப்பான பிளாஸ்டிக் மூடியில் கால் நகங்கள் ஊன்றா. மூடியின் நடுவை வெட்டிக் கொசுவலைத் துணியை இறுக்கி ஒட்டுங்கள். டப்பாவின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்கட்டும். தொங்கும் இடத்துக்குக் கீழே குச்சி, இலை எதுவும் குறுக்கே வரக்கூடாது. மாலையில் ஒரு பக்கச் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் குடிக்கவும் துளிகள் கிடைக்கும், காற்றும் ஈரமாக இருக்கும். ஈரம் போதாவிட்டால் பழைய தோல் காலில் சிக்கிக்கொள்வதுண்டு. தோலுரித்த பின் ஒரு நாளாவது தொடாமலும் இரை விடாமலும் இருங்கள். முன்கால்களும் தாடைகளும் அதற்குள் இறுகிவிடும். பிறகு அதன் உடம்பைவிடச் சிறிய இரையாகப் பார்த்து ஒன்று விட்டு, அது பிடிக்காவிட்டால் மாலைக்குள் எடுத்துவிடுங்கள்.

எல்லாப் பட்டினியும் தோலுரிப்புக்கானது அன்று என்பதும் உண்மை. வயிறு பருத்திருந்து, பூச்சி மந்தமாகித் தொங்கிக்கொண்டு, இரையைக் கண்டு விலகினால் கவலை வேண்டாம். வயிறு ஒட்டித் தட்டையாகியும் தின்னவில்லை என்றால்தான் தேட வேண்டும்: இரை பெரிதாக இருந்து மிரட்டுகிறதா, தண்ணீர் கிடைக்கவில்லையா என்று பாருங்கள். கொசுவிரட்டித் திரவம் எரியும் அறையில் டப்பாவை வைத்திருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். கொசுவைக் கொல்லும் மருந்து கும்பிடுபூச்சிக்குக் கருணை காட்டாது.

கால் வளைந்த குஞ்சு நடந்து இரை பிடிக்கிறதென்றால் அப்படியே விடுங்கள், நிமிர்த்த முயலாதீர்கள். தோலுரிப்புகள் இன்னும் பாக்கி இருந்தால் இழந்த கால்கூடச் சிறிதாக முளைத்து, அடுத்தடுத்த முறை நீளும். வளைந்தது ஓரளவு நேராகவும் கூடும். முதுகில் இறக்கை மொட்டுகள் புடைத்துவிட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புடைத்திருந்தால் எஞ்சியிருப்பது ஒரே ஒரு வாய்ப்புதான்.