போர்தோ சிவப்பு வைன் ஏன் வாயை இழுத்துப் பிடிக்கிறது? டானின் என்றால் என்ன?

டானின் என்பது திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள். பிரான்சின் போர்தோவில், மெதோக் பக்கம் அதிகம் விளையும் காபெர்னே சோவிஞோன் என்ற திராட்சை வகைக்குச் சின்னப் பழம், தோல் தடிமன். நசுக்கிய பழத்தைத் தோலும் விதையுமாகவே நாள்கணக்கில் புளிக்க விடுவதால் டானின் நன்றாக இறங்கிவிடும். அப்புறம் வைனை ஊற்றி வைக்கும் ஓக் மரப் பீப்பாயும் கொஞ்சம் டானின் சேர்க்கும். குடிக்கும்போது டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பு போய் நாக்கும் ஈறும் சொரசொரக்கும். கொட்டைப்பாக்கு மென்றால் வாய் இழுக்குமே, அதேதான். அங்கே போயாக் ஊர் ஆட்டுக்குட்டி இறைச்சியோடு இதைக் குடிப்பார்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அழகாகத் தணித்துவிடும். இளம் வைன் என்றால் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுவது நல்லது.

மூடியை மட்டும் திறந்து வைத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; புட்டிக் கழுத்தின் அகலத்துக்குத்தான் காற்று படும் என்பதால் அதில் பெரிய மாற்றம் வராது.