ஒரு சிறு நகரம் தன் நிலத்தை எப்படி மண்டலங்களாகப் பிரிக்கிறது?

சில ஆயிரம் பேரே வாழும் ஒரு சிறு நகரம், இங்கே வீடு, இங்கே கடை, இங்கே தொழிற்சாலை என்று எந்த அடிப்படையில் தன் நிலத்தைப் பிரிக்கிறது, அந்தக் கோட்டைப் போடுபவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். நகரத் திட்டமிடல் என் தொழில் அன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குக் கிழக்கே ஒரு சிறு நகரத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வீட்டை ஒட்டிச் சாமான் கொட்டகை ஒன்று போட விண்ணப்பித்து, அது நிராகரிக்கப்பட்டதால் இந்த விதிகளைப் படிக்க நேர்ந்தது. அமெரிக்க ஊர்கள் பெரும்பாலானவற்றின் மண்டலப் பிரிப்புக்குச் சட்ட ஒப்புதல் வாங்கித் தந்த வழக்கு, எங்கள் வட்டாரத்திலேயே இருக்கும் யூக்ளிட் என்ற ஊரில் எழுந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆகவே அந்த ஊரை வைத்தே பதில் சொல்கிறேன்.

1922இல் யூக்ளிட் சட்டப்படி ஒரு கிராமம். மக்கள்தொகை ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடைப்பட்டது. பரப்பு 12 முதல் 14 சதுர மைல். அதில் பெரும்பகுதி விளைநிலமும் வெற்றுநிலமும். வடக்கு எல்லை ஈரி ஏரி. ஊரின் ஊடே கிழக்கு மேற்காக இரண்டு ரயில் பாதைகளும் மூன்று பெருஞ்சாலைகளும் சென்றன. மேற்கே கிளீவ்லாந்தின் ஆலைகள் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஊரை நெருங்கி வந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று ஊர் மன்றம் நிலப் பயன்பாட்டு விதியொன்றை நிறைவேற்றியது. நாட்டிலேயே முதன்முதலாக ஒரு நகரம் முழுவதையும் மண்டலங்களாகப் பிரித்தது நியூயார்க். அது நடந்து அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

எந்த அடிப்படையில் என்ற கேள்விக்கான விடையில் பாதி, அந்த வரைபடத்தைப் பார்த்தாலே கிடைத்துவிடும். இரண்டு ரயில் பாதைகளுக்கும் இடைப்பட்ட நிலமும், அவற்றின் இருபுறமும் சிறிது தூரமும், சராசரியாக 1,600 அடி அகலத்தில், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தொழிலுக்கு விடப்பட்டன. ஊர்ப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கனத்த பயன்பாடுகளுக்குப் போயிற்று. யூக்ளிட் அவென்யூ என்ற பெருஞ்சாலைக்குத் தெற்கே பெரும்பாலும் தனி வீடுகள் மட்டும். சாலைக்கும் தொழில் பட்டைக்கும் நடுவே இரட்டைக் குடித்தன வீடுகள், அடுக்குமாடிகள், கடைகள் என்று படிப்படியாக ஓர் இடைப்பட்டை. சிறு ஊர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. ஏற்கெனவே கிடக்கும் ரயில் பாதையையும் சாலையையும் ஏரியையும் முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, இன்று இருப்பதையும் நாளை வரக்கூடாததையும் சேர்த்துக் கோடு போடுகிறார்கள்.

அடுத்தது பட்டியல். யூக்ளிட் விதி நிலப் பயன்பாட்டை ஆறு படிகளாக வகுத்தது. முதல் படியில் ஒரு குடும்பம் வாழும் தனி வீடு, பூங்கா, பண்ணை போன்றவை. இரண்டாவதில் இரு குடும்ப வீடு. மூன்றாவதில் அடுக்குமாடி, ஓட்டல், தேவாலயம், பள்ளிக்கூடம், மருத்துவமனை. பள்ளிக்கூடத்துக்குக்கூடத் தனி வீடுகளின் நடுவே இடமில்லை என்பதைக் கவனியுங்கள். நான்காவதில் வங்கி, கடை, உணவகம், திரையரங்கு. ஐந்து குதிரைகளுக்கு மேற்படாத லாயத்துக்கும் இந்தப் படியில்தான் இடம். ஐந்தாவதில் கிடங்கு, சலவை நிலையம், ஐஸ்கிரீம் தயாரிப்பு போன்றவை. ஆறாவதில் கழிவுநீர் நிலையம், சுடுகாடு, சிறைச்சாலை, மற்ற எல்லா ஆலைகளும். மேல் படியில் அனுமதிக்கப்பட்டவை அனைத்தும் கீழ்ப் படிகளிலும் செல்லும். கீழே உள்ளது மேலே ஏற முடியாது. ஆலைக்கு நடுவே வீடு கட்டலாம், வீடுகளுக்கு நடுவே ஆலை வைக்க முடியாது.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த விதியில் பயன்பாட்டின் மேல் இன்னும் இரண்டு அடுக்குகள் இருந்தன. உயர வகைகள் மூன்று: இரண்டரை மாடி அல்லது 35 அடி, நான்கு மாடி அல்லது 50 அடி, 80 அடி. மனைப் பரப்பு வகைகள் நான்கு: ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழும் கட்டடத்துக்கு முதல் வகையில் நடுமனையென்றால் 5,000 சதுர அடி, மூலைமனையென்றால் 4,000, கடைசி வகையில் முறையே 900, 700. ஒரே மனை மீது இந்த மூன்று வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மூலைமனைக்காரனுக்கு இவ்வளவு சலுகையா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அந்தப் பொறாமைக்குக் காரணம் பின்னால் வருகிறது.

கோடு விழுந்த இடத்தில் பணமும் விழுகிறது, அல்லது எழுகிறது. ஊரின் மேற்குக் கோடியில் ஆம்ப்ளர் என்ற நில வணிக நிறுவனத்துக்கு 68 ஏக்கர் இருந்தது; தெற்கே பெருஞ்சாலை, வடக்கே ரயில் பாதை. சாலையிலிருந்து முதல் 620 அடி இரண்டாம் படி, அடுத்த 130 அடி மூன்றாம் படி, மிச்சம் ஆறாம் படி என்று ஒரே நிலத்தை விதி மூன்றாகக் கூறுபோட்டது. தொழிலுக்கென்றால் ஏக்கர் 10,000 டாலர், குடியிருப்புக்கென்றால் 2,500க்கு மேல் போகாது என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் விதி செல்லாது என்றது. 1926 நவம்பர் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொழுவத்தில் இருக்கவேண்டிய பன்றி வரவேற்பறையில் நிற்பதைப் போல, சரியான பொருள் தவறான இடத்தில் இருப்பதும் தொல்லையே என்பது தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாந்தின் வாதம். இன்றும் இம்முறைக்கு யூக்ளிட் முறை என்றே பெயர். கிரேக்கக் கணித மேதையின் பெயரைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நில அளவையாளர்கள் இந்த ஊருக்கு வைத்தார்கள் என்பதால், கோடு போடும் கலைக்கு இப்பெயர் வாய்த்தது தற்செயலான பொருத்தம்.

அதே தீர்ப்பில் அடுக்குமாடிக் கட்டடம், தனி வீட்டுத் தெருவின் காற்றையும் வெளிச்சத்தையும் உறிஞ்ச வந்த ஒட்டுண்ணியாகப் பல வேளைகளில் ஆகிவிடுகிறது என்ற பொருளிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆலைப்புகையிலிருந்து வீட்டைக் காப்பது எனக்குப் புரிகிறது. வாடகைக் குடித்தனக்காரரிடமிருந்து வீட்டைக் காப்பது வேறு விஷயம், அதைப் புகையோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டியது தவறு என்பது என் கருத்து. இந்த நாட்டின் வீட்டு விலைப் பிரச்சினையில் ஒரு பங்கு அந்த மூட்டையிலிருந்து வந்தது.

மண்டலத்தைக் காட்டும் வரைபட நிறத்தைவிட விதியின் முதல் பக்கங்களில் இருக்கும் சொற்பொருள் வரையறைகளை முதலில் படியுங்கள் என்று நான் சொல்வதற்கும் அதுவே காரணம். ஒரு குடும்ப வீடு என்றால் குடும்பம் என்பது யார்? பக்கத்து ஊரான கிழக்கு கிளீவ்லாந்தின் குடியிருப்பு விதி, குடும்பம் என்பதை மிகக் குறுக்கி வரையறுத்திருந்தது. தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் வாழ்ந்த ஒரு பாட்டிக்கு, அந்தப் பேரன்கள் ஒருவருக்கொருவர் உடன்பிறந்தவர்களாக இல்லாமல் பெரியப்பா, சித்தப்பா முறைப் பிள்ளைகளாக இருந்த குற்றத்துக்காக, ஐந்து நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1977இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நம்மைப் போன்றவர்கள் அந்த வழக்கை ஒருமுறை படிக்கவேண்டும்.

கோட்டைப் போடுபவர் யார் என்பதற்கு வருகிறேன். இங்கே வழக்கமான நடைமுறை இது: திட்டக் குழு வரைவைத் தயாரித்துப் பரிந்துரைக்கும், மக்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், பின் நகர் மன்றம் வாக்களிக்கும். கோட்டை மாற்றவும் இதே வழிதான். சில ஊர்களில் இதற்கும் மேலே ஒரு படி உண்டு. ஈஸ்ட்லேக் என்ற ஊரில் ஒரு கட்டுமான நிறுவனம் எட்டு ஏக்கர் இலகு தொழில் நிலத்தில் அடுக்குமாடி கட்ட, திட்டக் குழுவும் மன்றமும் மண்டலத்தை மாற்றிக்கொடுத்தன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஊர்மக்கள் நகர சாசனத்தையே, அதாவது ஊரின் அடிப்படைச் சட்டத்தையே, திருத்தி, மன்றம் ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொது வாக்கெடுப்பில் 55 சதவீத ஆதரவு வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். வாக்கெடுப்பில் அந்த மாற்றம் தோற்றது. 1976இல் உச்ச நீதிமன்றம் இதுவும் செல்லும் என்றது. எட்டு ஏக்கரில் என்ன கட்டலாம் என்பதை ஊரே கூடி வாக்குப் போட்டு முடிவு செய்வது சனநாயகமா, பக்கத்துவீட்டுக்காரரின் வீட்டோ அதிகாரமா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

கோடு எல்லா மனைக்கும் பொருந்தாது என்பதால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மேல்முறையீட்டுக் குழு இருக்கும். என் கொட்டகை அங்கேதான் போயிற்று. எங்களுடையது மூலைமனை. எங்கள் ஊர் விதிப்படி தெருவைப் பார்த்த இரண்டு பக்கங்களும் முன்பக்கமாகவே கருதப்படுகின்றன, முன்பக்கத்தில் கொட்டகை கூடாது. பின்பக்கம் என்று மிஞ்சியதில் ஒரு பழைய ஓக் மரம் நிற்கிறது. அளவு தொடர்பான விதியிலிருந்து ஒரு மனைக்கு விலக்கு தர என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1986இல் ஏழு அம்சங்களைச் சொல்லியிருக்கிறது. குழுவினர் ஐவரும் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்கள். "வாங்கும்போது இந்த விதி உங்களுக்குத் தெரியுமா?" என்பது அதில் ஒன்று. தெரியாது என்றேன். அறிவிப்புக் கடிதம் கிடைத்து வந்திருந்த எதிர்வீட்டுப் பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: திருப்பத்தில் கார் ஓட்டி வருபவருக்குக் கொட்டகை பார்வையை மறைக்குமா? மூலைமனைக்கு ஏன் இரண்டு முன்பக்கம் என்பது அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவில்லை. கொட்டகையை வரைபடத்தில் நான்கு அடி உள்ளே தள்ளச் சொல்லி அனுமதித்தார்கள். நான் வீட்டை விற்றாலும் அந்த விலக்கு மனையோடு செல்லும் என்றும், கொட்டகையைப் பெரிதாக்க நினைத்தால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தது.